கல்லாப் பெட்டியும் கல்லூரிப் படிப்பும்



பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றி இந்த இதழுக்கு ஒரு பாடம் எழுதித் தரவேண்டும் என்று நமது சங்கக் காரியதரிசி கேட்டபோது நாம் சிரித்துவிட்டோம். நாம் ஓதியது மதரஸாவில். படித்தது ஆரம்பப் பள்ளியில். பல்கலைக் கழகத்தை வெளியில் நின்று பார்த்ததோடு சரி. ஆயினும் படியாதவன் சொல்லக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. படியாமையால் வந்த நஷ்டம் எவ்வளவு என்பதை அவனைவிடச் சரியாக எவர் சொல்ல முடியும்?

சில காலத்துக்கு முன் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா நம் கடைக்கு வந்தார். அரிசியும் பருப்பும் வாங்கிப் பற்றெழுதச் சொல்லிவிட்டு, தயங்கி நின்று கேட்டார்.

"பாய், மூத்தவளுக்குச் சிந்தோக்கு பல்கலைக் கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கு. கணக்குப் படிப்பாம், நாலு வருஷமாம். நீங்களும் கணக்குத்தானே எழுதுறீங்க? அதுக்கு நாலு வருஷம் படிக்கணுமா? பிரிஞ்சாங்கில ஓட்டல் வேலை இருக்குன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க."

நாம் என்ன பதில் சொன்னோம் தெரியுமா? "கணக்குக்கு என்னம்மா பல்கலைக் கழகம்? நம் கடையில் மூன்று மாதம் உட்கார்ந்தால் வந்துவிடும்" என்றோம். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு கல்லாவை எண்ணும்போது நமக்கு உறக்கம் கெட்டது. நாம் சொன்னது பொய். அது பொய் என்பதை நம் கடையே முன்னொரு நாள் நமக்குக் காட்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறோம்.

முதற் பாடம்: கல்லாவில் இருப்பது இலாபம் அல்ல

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நம் நாட்டில் ஜி.எஸ்.டி. எனும் பொருள் சேவை வரி 6 விழுக்காடாக நடப்புக்கு வந்தது. (2018 ஜூனில் அது பூஜ்யமாக்கப்பட்டு, செப்டம்பரில் விற்பனை சேவை வரி திரும்பி வந்ததை அனைவரும் அறிவோம்.) ஆண்டுக்கு 5 இலட்சம் வெள்ளிக்கு மேல் வரி விதிக்கத்தக்க விற்பனை உள்ளவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அன்றைய விதி. "நம்முடையது சின்னக் கடை, அந்த வரம்புக்குக் கீழேதான்" என்று நாம் கவலையற்றிருந்தோம்.

அப்போது பல்கலைக் கழகத்தில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்த நம் அக்காள் மகன் விடுமுறைக்கு மலைக்கு வந்திருந்தான். "கீழேதான் என்று எப்படித் தெரியும் மாமா? ஆண்டு விற்பனை எவ்வளவு?" என்று கேட்டான். நமக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தா காலத்திலிருந்து நம் கடைக்கு இருந்த கணக்கெல்லாம் மூன்று 555 நோட்டுப் புத்தகங்களும் ஒரு கல்லாப் பெட்டியுந்தான். அவன் அவற்றை எடுத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தான். சரக்கைத் தட்டுத் தட்டாக எண்ணினான். ஒரு மாதக் கணக்கை நம் முன்னே விரித்தான். புரிவதற்காக எண்களை முழுமையாக்கித் தருகிறோம்.

அந்த மாதம் விற்றது 30,000 வெள்ளி. அதில் ரொக்கம் 26,500. கடனுக்குப் போனது 3,500. வாங்கிய சரக்கு 26,000 வெள்ளி. அதில் பணம் கட்டியது 18,500. மொத்த வியாபாரிக்குப் பாக்கி 7,500. கடை வாடகை, மின்சாரம், வேன் எண்ணெய், உதவியாள் சம்பளம் யாவும் சேர்த்து 3,600. ஆக, 26,500-இல் 18,500-உம் 3,600-உம் போக, கல்லாவில் மிஞ்சியது 4,400 வெள்ளி. "அல்ஹம்துலில்லாஹ், நல்ல மாதம்" என்று சொல்லி அதை வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொண்டோம். எத்தனையோ வருஷமாக இப்படித்தான்.

அவன் வேறு விதமாக எழுதினான். மாத ஆரம்பத்தில் கடையில் இருந்த சரக்கு 18,000. அதனுடன் வாங்கிய 26,000-ஐக் கூட்டினால் 44,000. மாத முடிவில் எண்ணிய சரக்கு 17,500. ஆகவே விற்றுப்போன சரக்கின் அடக்க விலை 26,500. விற்ற 30,000-இலிருந்து அதைக் கழித்தால் மொத்த இலாபம் 3,500. கடைச் செலவோ 3,600. ஆகவே அந்த மாதம் நமக்கு 100 வெள்ளி நஷ்டம்!

நாம் ஒப்புக்கொள்ளவில்லை. "கல்லாவில் 4,400 இருக்கிறதே, அதற்கு என்ன பதில்?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டோம். அவன் பொறுமையாக மறுபக்கத்திலிருந்து கணக்கைப் பிடித்தான். கல்லாவில் 4,400. பிறர் நமக்குத் தரவேண்டியது 3,500. இரண்டும் சேர்ந்து 7,900. அதில் மொத்த வியாபாரிக்கு நாம் தரவேண்டியது 7,500 போனால் 400. சரக்கு 18,000-இலிருந்து 17,500-ஆகக் குறைந்துவிட்டதால் 500-ஐக் கழிக்க வேண்டும். 400-இல் 500 போனால் மீண்டும் 100 நஷ்டம். இரண்டு வழியிலும் ஒரே விடை.

அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்கு நாம் எடுத்துப்போனது இலாபம் அன்று. மொத்த வியாபாரியின் பணம்! அவர் ஒரு மாதம் கடனை இறுக்கினால் நம் கடை கதவைச் சாத்த வேண்டியதுதான். கணக்கியல் என்ற படிப்பின் வாசல் இதுவே. பணம் எங்கே இருக்கிறது என்பதை எவனும் எண்ணலாம். அது யாருடைய பணம் என்று சொல்வதற்குத்தான் படிப்பு வேண்டும்.

இரண்டு பக்கமும் எழுதி ஒரே விடைக்கு வரும் இந்த இரட்டைப் பதிவு முறை எங்கிருந்து வந்தது? இந்தியாவின் எண்களைப் பக்தாதில் அல்-குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டில் விளக்கி எழுதினார். அவ்வெண்களை வட ஆப்பிரிக்கத் துறைமுகமான பூஜியாவில் கற்றுக்கொண்ட பீசா நகரத்து லியனார்டோ 1202-இல் ஐரோப்பிய வணிகர்களுக்காகப் புத்தகம் செய்தார். வெனிஸ் வியாபாரிகள் நடைமுறையில் வைத்திருந்த இரட்டைப் பதிவை லூக்கா பச்சோலி என்ற துறவி 1494-இல் தம் கணித நூலில் அச்சிட்டார். நம் பக்கத்திலும் குறைவில்லை. மலாயாவிலும் பர்மாவிலும் தொழில் நடத்திய செட்டிநாட்டு நகரத்தார் குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று வகுத்து எழுதியவர்கள். அவர்களின் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக நுழைந்தவன் அடுத்தாளாகி, பிறகு பொறுப்பேற்கும் வரை ஆண்டுக் கணக்கில் பயின்றான். "மூன்று மாதத்தில் வந்துவிடும்" என்று அவர்களும் சொல்லவில்லை.

இரண்டாம் பாடம்: தேயிலைத் தோட்டம் சொல்லும் கணக்கு

நம் மலையில் 1929-இல் போ நிறுவனத்தை ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் தொடங்கினார். நாம் தினமும் பார்க்கும் அந்தப் பச்சைச் சரிவுகளில் பாதிப் படிப்பு அடங்கியிருக்கிறது.

பறித்த பச்சைக் கொழுந்தில் பெரும் பங்கு நீர். வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்திச் சலித்தால் ஏறத்தாழ 5 கிலோ கொழுந்து 1 கிலோ தூளாகிறது. ஒரு பேச்சுக்கு, கொழுந்து கிலோ 1 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தூளுக்குக் கொழுந்து மட்டுமே 5 வெள்ளி. அதன்மேல் ஆலைக் கூலி, எரிபொருள், பெட்டி, லாரி. இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு பொட்டலத்தின் மேல் ஏற்றிக் காட்டுவதை அடக்கவிலைக் கணக்கியல் என்கிறார்கள். இதை அறியாதவன் கொழுந்து விலைக்குத் தூளை விற்று ஓட்டாண்டியாவான். நம் கடையில் சுண்டும் வெங்காயமும் உடையும் முட்டையும் இதே பாடந்தான்.

இன்னொன்று. தேயிலைச் செடி ஒரு தடவை நட்டால் பல பத்தாண்டுகள் கொழுந்து தரும். அதற்குக் கணக்கில் என்ன பெயர்? சர்வதேசக் கணக்கியல் தர விதிகள் 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து தேயிலை, இரப்பர், செம்பனை போன்றவற்றை ஆலை இயந்திரத்தைப் போலவே பாவிக்கச் சொல்கின்றன. அதாவது செடி பலன் தரும் காலம் முழுவதும் அதன் அடக்கத்தைப் பங்கிட்டு ஆண்டுதோறும் தேய்மானம் எழுத வேண்டும். அதில் துளிர்க்கும் கொழுந்தோ வேறு கணக்கு. அதைச் சந்தை விலையை ஒட்டி மதிப்பிட வேண்டும்.

இதைக் கேட்ட பிறகு நாம் நம் வேனைப் பார்த்தோம். 24,000 வெள்ளிக்கு வாங்கியது, 8 ஆண்டு ஓடும் என்றால் ஆண்டுக்கு 3,000, மாதத்துக்கு 250 வெள்ளி தேய்கிறது. மருமகன் காட்டிய நஷ்டத்தில் இது சேரவில்லை. சேர்த்தால் 100 அல்ல, 350!

மூன்றாம் பாடம்: காலத்துக்கும் ஆளுக்கும் கணக்கு

கணக்கியல் நடந்ததைச் சொல்கிறது. நிதியியல் என்ற படிப்பு, இன்றைய பணத்துக்கும் நாளைய பணத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறது. ஒரு மொத்த வியாபாரி நமக்கு இப்படிச் சலுகை தந்தார்: 10 நாளில் கட்டினால் நூற்றுக்கு 2 தள்ளுபடி; இல்லாவிட்டால் 30 நாளில் முழுத் தொகை. "2 வெள்ளி என்ன பெரிய காசு" என்று நாம் 30-ஆம் நாளே கட்டிவந்தோம். மருமகன் கணக்குப் போட்டான். 98 வெள்ளியை 20 நாள் அதிகம் வைத்திருக்க 2 வெள்ளி இழக்கிறோம். ஆண்டில் 20 நாட்கள் பதினெட்டேகால் தடவை வரும். ஆண்டுக் கணக்கில் அந்த இழப்பு நூற்றுக்கு 37-க்கு மேல்! வட்டிக்கு அஞ்சி வங்கியின் வாசலை மிதிக்காத நாம், தெரியாமலே எவ்வளவு இழந்திருக்கிறோம் பாருங்கள்.

வட்டியில்லாத நிதிமுறையை விரும்புகிறவர்களுக்கும் வெறும் விருப்பம் போதாது, படிப்பு வேண்டும். நம் நாட்டில் புனிதப் பயணிகளின் சேமிப்புக்காக 1963-இல் தொடங்கிய ஏற்பாடே இன்றைய தாபோங் ஹாஜி. 1983-இல் பேங்க் இஸ்லாம் வந்தது. இத்துறைக்கு ஆட்களை உருவாக்க நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2005-இல் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக் கழகத்தையே நிறுவியது. இன்சீஃப் என்பது அதன் பெயர்.

மூன்றாவது நிர்வாகவியல். எந்தச் சரக்கு எத்தனை நாளில் தீரும், பள்ளி விடுமுறையில் சுற்றுலாக் கூட்டம் ஏறும்போது எவ்வளவு கூடுதலாக வாங்குவது, மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் எத்தனை நாள் தாங்குவது என்பவை இதில் அடங்கும். இவற்றுக்கு மேலாக ஒரு விதி உண்டு. பணத்தை வாங்குகிறவர் ஒருவர், கணக்கை எழுதுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் ஒருவர் என்று வேலையைப் பிரிக்க வேண்டும். யாரையும் சந்தேகித்து அன்று. நல்லவர் மீது பழி விழாமல் காப்பதற்காக. சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதைக் கருத்தில் கொள்ளட்டும். 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பதிவு பெற்ற சங்கங்கள் ஆண்டுதோறும் கணக்கைச் சமர்ப்பிக்கக் கடமைப்பட்டவை. "நாணயமான மனிதர்" என்ற பெயர் மட்டும் அங்கே கணக்காகாது.

மார்க்கமும் இதில் நம்மைச் சும்மா விடவில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனமாகிய அது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது. நேர்மையாக எழுதுபவரையும் சாட்சிகளையும் பற்றியது. வியாபார ஜகாத் நூற்றுக்கு இரண்டரை என்பது மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். எந்த நூற்றுக்கு என்பதுதான் கேள்வி. சரக்கை எண்ணாமல், வரவேண்டியதையும் தரவேண்டியதையும் எழுதாமல் இத்தனை காலம் நாம் கொடுத்தது கணக்கா, உத்தேசமா? இதை எழுதும்போது நமக்கு வெட்கமாகவே இருக்கிறது.

பிள்ளைகளுக்கு வழி

எஸ்.பி.எம். தேர்வில் கணக்கியல் கோட்பாடு ஒரு பாடமாக உண்டு. ஆனால் கணிதமும் ஆங்கிலமும் பலமாக இருப்பதே முக்கியம். அதன்பின் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், டிப்ளோமா, அடிப்படைக் கல்வி என்று பல படிகள். அதன் மேல் பட்டப்படிப்பு. மலாயாப் பல்கலைக் கழகம் முதல், நிர்வாகத் துறைகளுக்கென்றே 1984-இல் கெடாவில் தொடங்கிய வட மலேசியப் பல்கலைக் கழகம் வரை அரசாங்கத்தின் பல பல்கலைக் கழகங்களில் இத்துறை உண்டு. சிந்தோக்கு என்று அந்த அம்மா சொன்னது இந்த வட மலேசியப் பல்கலைக் கழகத்தையே. தனியார் வழியில் நமக்கு அருகே இருப்பது கம்பார். மலையிறங்கித் தாப்பாவிலிருந்து வடக்கே போனால், துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக் கழகம் 2007-இல் திறந்த வளாகம் அங்கே உள்ளது.

பட்டம் பெற்றவுடன் ஒருவர் கணக்காளர் ஆகிவிடுவதில்லை. 1967-ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டப்படி அமைந்த மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிவு பெற்றவரே அப்பெயரை வைத்துக்கொள்ளலாம். அக்கழகம் ஏற்கும் பட்டமும் மூன்றாண்டு வேலைப் பயிற்சியும் வேண்டும். அல்லது 1904-இல் இலண்டனில் தொடங்கிய ஏ.சி.சி.ஏ. போன்ற தொழிற் சங்கங்களின் தேர்வுகளை எழுதி அவ்வழியே வரலாம்.

பெற்றோர் கேட்கவேண்டியவை மூன்று. இந்தப் படிப்புக்கு நாட்டின் தர நிர்ணய அமைப்பான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் உண்டா? கணக்கியல் பட்டமானால் கணக்காளர் கழகம் ஏற்கிறதா? முழுச் செலவு எவ்வளவு, முதல் ஆண்டுக்கு மட்டுமா சொல்கிறார்கள்? பளபளக்கும் விளம்பரத் தாளைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். 1997-இல் அமைக்கப்பட்ட பி.டி.பி.டி.என். நிதி பலருக்குக் கைகொடுக்கிறது. ஆயின் அது கடன், நன்கொடை அன்று. வாங்கும் நாளிலேயே பிள்ளையைத் தன் கையால் அதைக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். அதுவே அதன் முதற் பாடமாக இருக்கட்டும்.

"பெண் பிள்ளைக்கு இது எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்கிறோம். சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933-இல் கணக்கியல் டிப்ளோமாவில் தேறினார். சிறை சென்றவர் இத்தொழிலில் பதிவு பெறலாகாது என்ற தடை குறுக்கிட்டபோது நீதிமன்றம் சென்று வென்றார். இந்தியாவின் முதல் பெண் கணக்காய்வாளர் அவரே. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலேயே ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அது முடிந்ததென்றால், இன்று நம் மலையிலிருந்து பஸ் ஏறும் பெண்ணுக்கு முடியாதா?

முடிவாக

மறுவாரம் அந்த அம்மா சாமான் வாங்க வந்தார். நாம் கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்து, "அம்மா, போன வாரம் நான் சொன்னது தப்பு. நான் எழுதுவது கணக்கே அல்ல, ஞாபகக் குறிப்பு. மகளை அனுப்பி வையுங்கள்" என்றோம். அவர் நம்மைச் சிறிது நேரம் பார்த்தார். "நீங்க சொன்னதை வச்சு நான் அவகிட்டே வேண்டாம்னு சொல்லிட்டேனே பாய்" என்றார். நம் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. பதில் அனுப்ப இன்னும் இரண்டு நாள் தவணை இருந்தது என்று பிறகு தெரிந்தது. அந்த இரண்டு நாள் இல்லாதிருந்தால், ஒரு பிள்ளையின் நாலு வருஷத்தை நம் வாய்ச்சொல் ஒன்று விழுங்கியிருக்கும். எந்தப் பேரேட்டில் அதைப் பற்று எழுதுவது?

அப்பெண் இன்று சிந்தோக்கில் முதலாண்டு படிக்கிறாள். படித்துத் திரும்பி வந்து எந்தத் தோட்டத்துக் கணக்கையோ, எந்த வங்கியின் கணக்கையோ பார்க்கட்டும். நம் கடைக் கணக்கையும் ஒரு நாள் பார்க்கச் சொல்வோம்.

கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இன்றிரவே ஒரு புது நோட்டு எடுங்கள். நான்கு பக்கம் பிரியுங்கள்: கையில் இருப்பது, வரவேண்டியது, தரவேண்டியது, சரக்கு. மாத முதல் நாளும் கடைசி நாளும் நான்கையும் எழுதுங்கள். முதல் மூன்றையும் எழுதிவிடுவீர்கள். சரக்கை எண்ணத்தான் சோம்பல் வரும். வீட்டில் படிக்கும் பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். எண்ணி முடித்தபின் அந்தப் பிள்ளை உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும். அதற்கு உங்களால் பதில் சொல்ல முடியாவிட்டால் கோபப்படாதீர்கள். அந்தப் பிள்ளையை எங்கே படிக்க அனுப்பவேண்டும் என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.